மூன்று சென்ட் இருந்தால் போதும்: கொல்லையில் ஒரு காய்கறித் தோட்டம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நாம் நிறைய விளைவிக்கிறோம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி, கரும்பு, கொள்ளிடக் கரையில் நெல் என்று பட்டியல் நீளும். ஆனால் சாயங்காலம் சந்தையிலிருந்து வரும் பையைத் திறந்து பாருங்க. உள்ளே கால் கிலோ கத்தரிக்காயும் நாலு தக்காளியும்தான் இருக்கும். ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருக்கிறவர்கூட ஒரு கட்டுக் கீரைக்குச் சில்லறை தேடுகிறார். முன்பு கம்பு, சோளக் கொல்லையிலேயே அவரை, தட்டைப்பயறு, வரப்பில் பூசணி என்று ஏதாவது கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது தனிப்பயிராக மக்காச்சோளம், தனிப்பயிராகப் பருத்தி. வீட்டுக் கறிக்கு வயலில் இடமில்லாமல் போய்விட்டது.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. அதாவது களை எடுக்கப் போகிற பெண்களில் பாதிப் பேருக்கு உடம்பில் ரத்தம் போதவில்லை. மூச்சு வாங்குகிறது, கால் ஓய்ந்து போகிறது என்று அவர்கள் சொல்வதெல்லாம் சோம்பேறித்தனம் இல்லீங்க. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவுக் குறிப்பில், ஒரு ஆளுக்குத் தினம் கீரையும் காய்கறியுமாக 400 கிராம், பழம் 100 கிராம் வேண்டும் என்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 2 கிலோ காய்! காசு கொடுத்து இத்தனையும் வாங்குகிற வீடு நம் ஊரில் எத்தனை இருக்கும்?

அதனால் இன்றைக்குக் கொல்லைப்புறத்தில் 3 சென்ட் இடத்தில் ஒரு காய்கறித் தோட்டம் போடுவது எப்படி என்று சொல்கிறேன். ஒரு குடும்பத்துக்கு 5 சென்ட் வேண்டும் என்று கணக்குச் சொல்வதுண்டு. இருந்தால் நல்லதுதான். ஆனால் தண்ணீரையும் ஆள் வேலையையும் பார்த்தால், 3 சென்ட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வது 5 சென்ட்டைக் காடாக விடுவதைவிட மேல். தேவை முழுவதும் இதில் வந்துவிடாது. கீரையும், முருங்கையும், அன்றாடக் குழம்புக்கு வேண்டிய காயும் வரும்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

நம் இரண்டு மாவட்டத்திலும் மண் ஒரே மாதிரி இல்லை. குன்னம், ஆலத்தூர் பக்கம் கரிசல். பச்சைமலை அடிவாரத்தில் செம்மண். ஜெயங்கொண்டம், செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரி நிற்கிற செம்மண். திருமானூர், தா.பழூர் ஆற்றோரத்தில் வண்டல். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புப் பாறை. சிமெண்ட் ஆலைகள் அங்கே வந்ததே அதனால்தான். சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் படுத்திருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பு இன்றைக்கும் நம் மண்ணிலும் கிணற்றுத் தண்ணீரிலும் இருக்கிறது.

கரிசலில் தோட்டம் போடுகிறவர்கள் மேட்டுப் பாத்தி போட வேண்டும். தரையிலிருந்து அரை அடி உயரம் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. பப்பாளியும் மிளகாயும் வேரழுகிச் சாகும். கூடவே பாத்திக்கு இரண்டு மூன்று கூடை மணலும் மக்கிய எருவும் கலந்தால் மண் பொலபொலப்பாகும்.

செம்மண்காரர்களுக்கு நேர் எதிர். அங்கே தண்ணீர் நிற்காது. ஆகவே தரை மட்டத்துக்குச் சற்றுப் பள்ளமாகப் பாத்தி கட்டி, சுற்றிலும் கரை அணையுங்கள். அனுமதி வாங்கி ஏரி வண்டல் எடுக்கிறபோது, வயலுக்கு அடிக்கும் மண்ணில் ஒரு பங்கைக் கொல்லைக்கும் கொட்டிவிடுங்கள்.

சுண்ணாம்பு மண்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செடியின் இளந்தளிர் வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்கு விடமாட்டேன் என்கிறது. யூரியா போட்டால் இது தீராது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, சாயங்காலம் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி ஒரு தரம். கரைத்த அன்றே தெளித்துவிட வேண்டும். வைத்திருந்தால் பழுப்பாகி வீணாகும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் உப்பை மேலே வையுங்கள். இந்த மண்ணில் அடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாகக் கொட்டவும் கூடாது. சாம்பலும் சுண்ணாம்பு போலக் காரம்தான்; குறையை இன்னும் கூட்டிவிடும்.

உங்கள் மண் எது என்று சந்தேகமாக இருந்தால், நாலைந்து இடத்தில் முக்கால் அடி ஆழம் வெட்டி, மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ எடுத்துக்கொண்டு போங்கள். பெரம்பலூர்க்காரர்களுக்கு வாலிகண்டபுரத்திலும், அரியலூர்க்காரர்களுக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண் பரிசோதனைக்கு வழி சொல்வார்கள்.

கயிறு பிடித்து அளவு போடுங்கள்

ஒரு சென்ட் என்பது சுமார் 436 சதுர அடி. கிழக்கு மேற்காக 44 அடி, தெற்கு வடக்காக 30 அடி எடுத்தால் 3 சென்ட் கிடைக்கும். மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால் நாலு குச்சியும் ஒரு கயிறும் எடுங்கள்.

வடக்கு ஓரத்தில் 8 அடி அகலப் பட்டையை மரத்துக்கு ஒதுக்குங்கள். ஏன் வடக்கு? நம் ஊரில் உச்சிச் சூரியன் தலைக்கு நேரே வருவது வருஷத்தில் இரண்டு தடவை. சித்திரை முதல் வாரத்தில் ஒரு தடவை, ஆவணி முதல் வாரத்தில் ஒரு தடவை. ஆவணிக்குப் பிறகு பங்குனி முடிய, ஏறக்குறைய எட்டு மாதம், சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது. நிழல் வடக்கே விழும். மரம் வடக்கில் இருந்தால் நிழல் வேலிக்கு அப்பால் விழுந்துபோகும். தெற்கில் இருந்தால் காய்கறிமேல் விழும். நான் முதன்முதலில் போட்ட தோட்டத்தில் இது தெரியாமல் முருங்கையைத் தெற்கு வேலியோரம் வைத்தேன். முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மார்கழியில் தக்காளி கொடி மாதிரி நீண்டு வளர்ந்தது, காய் பிடிக்கவில்லை. மருந்து தேடி அலைந்தேன். வேண்டியது மருந்து இல்லை, வெயில். கடைசியில் மரத்தை வெட்டினேன்.

மீதி 22 அடியை நடுவில் தெற்கு வடக்காக 2 அடி நடைபாதை விட்டு இரண்டாகப் பிரியுங்கள். பாதைக்கு இந்தப் பக்கம் 4 பாத்தி, அந்தப் பக்கம் 4 பாத்தி. ஒவ்வொரு பாத்தியும் 18 அடி நீளம், 4 அடி அகலம். பாத்திக்குப் பாத்தி ஒன்றரை அடி இடைவெளி. தெற்கு வேலியோரமும் ஒன்றரை அடி. கிழக்கு, மேற்கு வேலியோரங்களில் 3 அடி. கூட்டிப் பாருங்க, கணக்குச் சரியாக வரும். மொத்தம் 8 பாத்தி, 576 சதுர அடி விளைநிலம்.

அகலம் ஏன் 4 அடி? உட்கார்ந்து கையை நீட்டினால் 2 அடி எட்டும். இரண்டு பக்கமும் உட்கார்ந்து களை எடுத்தால், பாத்திக்குள் காலே வைக்க வேண்டாம். மிதிபடாத மண்ணில் வேர் சுலபமாக ஓடும். 5 அடி போட்டீர்களானால் நடுவில் மிதித்துத்தான் ஆக வேண்டும்.

வடக்குப் பட்டையில் என்ன வைப்பது

வீட்டுக்குத் தூரமான முனையில் இரண்டு செடிமுருங்கை, 8 அடிக்கு ஒன்று. பெரியகுளத்தில் கண்டுபிடித்த பி.கே.எம்.1 ரகம் ஆறு மாதத்தில் காய்க்கும். இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை வரும். காய்ப்பு முடிந்ததும் 3 அடியில் வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். முருங்கையை வீட்டுச் சுவரோரம் வைக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொன்னது கம்பளிப் பூச்சிக்காகத்தான். பூச்சி கூட்டமாக அடிமரத்தில் ஒட்டியிருக்கும். அதைக் காலையில் பார்த்துத் தீப்பந்தத்தால் கருக்கிவிடலாம். மரத்தைச் சுடாமல் பக்குவமாகச் செய்யுங்கள்.

அதை அடுத்து இரண்டு பப்பாளி, 6 அடிக்கு ஒன்று. சாதாரண விதை போட்டால் ஆண் மரம் வந்து ஏமாற்றும். கோ.3, கோ.7 போன்ற ரகங்களில் ஆண் மரத் தொல்லை இல்லை. கரிசலில் மண்ணை மேடாக்கி அதன்மேல் நடுங்கள். அதை அடுத்து, குளிக்கிற துவைக்கிற தண்ணீர் வருகிற பக்கமாக, இரண்டு வாழை. மீதி 6 அடியில் ஒரு எருக்குழி. ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று தோண்டுங்கள். வடக்கு வேலியோடு ஒட்டி நாலு அகத்தி. கறிவேப்பிலை மட்டும் சமையலறைக் கதவோரம் இருக்கட்டும். தாளிக்கிற நேரத்தில் கொல்லைக் கோடிக்கு ஓட முடியாது.

வேலி இல்லாமல் தோட்டம் இல்லை

சொல்லப்போனால் தோட்டத்தின் முதல் செலவு விதை இல்லை, வேலி. ஆடும் கோழியும் ஒரே மத்தியானத்தில் இரண்டு மாத உழைப்பைத் தின்றுவிடும். கிளுவைப் போத்தை ஒரு அடிக்கு ஒன்றாக ஊன்றி, நடுநடுவே நொச்சியும் ஆடாதோடையும் வையுங்கள். ஆடாதோடை என்ற பேரிலேயே விஷயம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஊன்றினால் தானே பிடித்துக்கொள்ளும். அது வளருகிற வரை முள் அடைத்து வையுங்கள். கோழிக்கு, கீழே ஒன்றரை அடி உயரத்துக்குப் பழைய மீன்வலை கட்டினால் போதும்.

கிழக்கு வேலியைத் தாழ்வாக வெட்டிவிடுங்கள். காலை வெயில் உள்ளே வரட்டும். தெற்கு வேலியும் 4 அடிக்கு மேல் போகக் கூடாது. மேற்கு வேலியில்தான் பாகல், பீர்க்கு, கோவை, அவரைக் கொடிகளை ஏற்ற வேண்டும். சித்திரை வைகாசியில் மூன்று மணி வெயில் செடியைப் பொசுக்குகிறபோது, அந்தக் கொடி நிழல் பாதித் தோட்டத்துக்காவது கொஞ்சம் ஆறுதல் தரும்.

தண்ணீர்க் கணக்கு

இங்கேதான் பலபேர் தோட்டம் கோடையில் செத்துப்போகிறது. 8 பாத்தியும் பயிராக இருந்தால் கோடையில் தினம் சுமார் 250 லிட்டர் வேண்டும். 15 லிட்டர்க் குடத்தில் 17 குடம். அதை யார் தூக்குவது? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். ரத்தசோகையைப் போக்கத் தோட்டம் போடச் சொல்லிவிட்டு, அந்த உடம்பின்மேலேயே 17 குடத்தை ஏற்றுவது நியாயமா? ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, கோடையில் பாதித் தோட்டத்தை ஓய்வில் விடுங்கள். பங்குனி முதல் ஆனி வரை 4 பாத்தி மட்டும் பயிர். மற்ற நாலில் கோடை மழை ஈரத்தில் சணப்பு விதைத்து, 45 நாளில் பூக்கிற சமயம் மடக்கி மண்ணில் புதைத்துவிடுங்கள். ஆடிக்கு அதுவே எரு.

இரண்டு, மூடாக்கு. மக்காச்சோளத் தட்டையைக் கொளுத்துகிறோமே, அதைச் சாணளவு நறுக்கிச் செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். கடலைத் தோலும் ஆகும். வெயில் மண்ணில் படாது, களையும் குறையும். கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். கொடிக்குழி ஒவ்வொன்றிலும் பழைய மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, அடியில் சின்ன ஓட்டை போட்டு, துணித்திரி செருகித் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். ஊற்றின தண்ணீர் மெதுவாகக் கசிந்து வேருக்கே போகும்.

மூன்று, குளித்த தண்ணீர். அதை நேரே கத்தரிக்குத் திருப்பாதீர்கள். ஒரு சிறு பள்ளத்தில் சரளையும் மணலும் போட்டு, அதில் கல்வாழை நட்டு, அது வழியாக வடிந்து வாழைக்கும் முருங்கைக்கும் போகட்டும். கீரைக்கும், பச்சையாகத் தின்கிற வெள்ளரி, முள்ளங்கிக்கும் சோப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது.

பாத்தி தயாரிப்பும் பட்டமும்

வைகாசி ஆனியில் மழை பெய்ததும் முக்கால் அடி ஆழம் கொத்துங்கள். பாத்திக்கு இரண்டு கூடை மக்கிய தொழு எரு, அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கு. பச்சைச் சாணத்தைப் போட்டால் கரையானும் வேர்ப்புழுவும்தான் வரும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது கொல்லைக்கும் பொருந்தும். ஆடியில் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று நடலாம். வெண்டை, கொத்தவரை விதைக்கலாம். கொடி வகைக்கும் அதுதான் நேரம். ஆகவே ஆனியிலேயே ஒரு மூலையில் நாற்று விட்டிருக்க வேண்டும். கத்தரி, தக்காளிக்கு 25 முதல் 30 நாள், மிளகாய்க்கு 40 நாள் நாற்று. கத்தரிக்கு 2 அடி, தக்காளிக்கு ஒன்றரை அடி, வெண்டைக்கு ஒரு அடி இடைவெளி. ஐந்து பேருக்கு 8 கத்தரிச் செடி, 12 தக்காளி, 10 மிளகாய் போதும். எல்லாச் செடியையும் ஒரே நாளில் நடாதீர்கள். பாதியை நட்டு, இருபது நாள் கழித்து மீதியை நட்டால் காய்ப்பு தொடர்ந்து வரும்.

ஐப்பசி கார்த்திகையில் மழைக்கு இடையே முள்ளங்கி, கொத்தமல்லி. பாத்திக் கரைகளில் சின்ன வெங்காயம் ஊன்றுங்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தை மாசியில் மறுபடி வெண்டை, கொத்தவரை, வெள்ளரி. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகிற நோய்க்கு வைத்தியம் இல்லை. அந்தச் செடியைக் கண்டவுடன் பிடுங்குங்கள். பெங்களூரில் கண்டுபிடித்த அர்கா அனாமிகா ரகம் இந்த நோயைத் தாங்கும்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று எடுத்த பாத்தியில் அடுத்தது மற்றொன்று வைக்காதீர்கள். பயறு வகையோ, வேர்க் காயோ, கீரையோ மாற்றி வையுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்தப் பாத்தி ஓரத்தில் செண்டுமல்லி நடுங்கள். பூவுக்குப் பூவும் ஆச்சு.

தினம் கீரைக்கு ஒரு வழி

ஒரு பாத்தி முழுவதும் ஒரே நாளில் கீரை விதைத்தால் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் எல்லாம் முற்றும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது போக மீதி மாட்டுக்கு. அப்புறம் ஒரு மாதம் கீரையே இல்லை.

இப்படிச் செய்யுங்கள். 18 அடிப் பாத்தியை 3 அடிக்கு ஒன்றாக 6 துண்டு போடுங்கள. இன்றைக்கு முதல் துண்டில் முளைக்கீரையோ சிறுகீரையோ விதையுங்கள். ஐந்து நாள் கழித்து இரண்டாவது துண்டு. இப்படி ஆறாவது துண்டை 26-ம் நாள் விதைக்கும்போது முதல் துண்டில் கீரை பறிக்கத் தயாராக இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, ஒரு கை எரு போட்டு, அதிலேயே மறுபடி விதையுங்கள். ஐந்து நாளைக்கு ஒரு துண்டு தவறாமல் வரும். இன்னொரு பாத்தியில் அரைக்கீரை விதைத்துக் கிள்ளக் கிள்ள அது துளிர்க்கும். இதோடு முருங்கைக்கீரையும் அகத்தியும் சேர்ந்தால் வாரத்தில் நாலு நாள் இலையில் கீரை இருக்கும்.

கீரை விதை பொடி. ஒரு சிட்டிகை விதையை நாலு கை மணலோடு கலந்து தூவி, கையால் தடவிவிட்டுப் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். எறும்பு விதையைத் தூக்கிப் போகும். பாத்தி ஓரத்தில் கொஞ்சம் நொய்யரிசி தூவினால் எறும்பு அதோடு நின்றுவிடும்.

சமைக்கும்போது ஒரு யோசனை. கீரையிலுள்ள இரும்பு உடம்பில் ஒட்ட, கூடவே புளிப்புப் பழம் வேண்டும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு வீண். கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்தில் தருகிற இரும்பு மாத்திரையை மட்டும், கீரை சாப்பிடுகிறோமே என்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் வேண்டும்.

பருத்தி மருந்து கொல்லைக்கு வேண்டாம்

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2017-ல் நம் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்த விவசாயிகள் சிலர் அதன் விஷம் ஏறி இறந்துபோனார்கள். மூக்கில் துணி கட்டாமல், ஆள் உயரப் பருத்திக்குள் எதிர்க்காற்றில் நின்று அடித்தால் விஷம் யாரையும் விடாது. வயலிலேயே அப்படி என்றால், வயலுக்கு அடித்து மிஞ்சியதைக் கொல்லைக் கத்தரிக்கு ஊற்றுகிறோமே, அது எங்கே போகிறது? மறுநாள் குழம்பில் வருகிறது. மிஞ்சிய மருந்தையோ, மருந்து டப்பா கழுவிய தண்ணீரையோ தோட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். அந்த டப்பாவில் கீரைக்குத் தண்ணீரும் மொள்ளாதீர்கள். தோட்டம் வயலை ஒட்டி இருந்தால், வயல் பக்க வேலியை உயர்த்தி நெருக்கமாக விடுங்கள். மருந்து அடிக்கிற அன்றைக்குத் தோட்டத்தில் எதையும் பறிக்காதீர்கள்.

கொல்லைக்குக் கண்ணும் கையும்தான் மருந்து. கத்தரியில் நுனிக் குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு. அதை நாலு விரல் கீழே கிள்ளி நசுக்கிவிடுங்கள். வாரம் இரண்டு தடவை பார்த்தால் காய்ப்புழு பாதிக்கு மேல் குறையும். பாகல், பீர்க்கில் பழ ஈ விழுந்து உதிர்ந்த பிஞ்சைக் கீழே விட்டால் புழு மண்ணில் கூடு கட்டும். பொறுக்கி ஆழப் புதையுங்கள். மஞ்சள் வர்ணம் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ ஒட்டும். இதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு லிட்டருக்கு 50 கிராம் பருப்பு இடித்து, ராத்திரி ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி வைத்துக்கொண்டு, துளி சோப்புக் கரைத்து, அன்று சாயங்காலமே இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். ஆனி ஆடியில் வேப்பம் பழம் உதிர்கிறபோதே பொறுக்கிக் காயவைத்தால் வருஷத்துக்கும் ஆகும்.

விதையை வீட்டிலேயே எடுங்கள்

வெண்டை, அவரை, கொத்தவரை, கீரை, நாட்டுக் கத்தரி விதைகளை வருஷா வருஷம் வாங்க வேண்டியதில்லை. நல்ல செடி ஒன்றில், நோயில்லாத நடுக் காய்ப்புக் காயை முற்றவிட்டு அடையாளத்துக்குத் துணி கட்டுங்கள். விதையை நிழலில் காயவைத்து, நொச்சி இலையோடு துணியில் முடிந்து மேலே தொங்கவிடுங்கள். வீரிய ஒட்டு விதையில் மட்டும் இது ஆகாது. அடுத்த தலைமுறை தாய் மாதிரி வராது. முதல் விதைக்கும் நாற்றுக்கும் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லைத் தோட்டம் பொம்பளை வேலை என்று ஒதுங்காதீர்கள். கொத்துவது, வேலி அடைப்பது, எருக்குழி வெட்டுவது, தண்ணீர் தூக்குவது இந்த நாலும் உங்கள் பங்கு. நாற்று நடுவது, பறிப்பது எல்லாரும் சேர்ந்து. ஒரு பாத்தியை, முள்ளங்கிப் பாத்தியாகப் பார்த்து, பிள்ளைகள் பேரில் விட்டுவிடுங்கள். தான் போட்டது என்றால் சாப்பிடமாட்டேன் என்கிற பிள்ளையும் சாப்பிடும்.

8 பாத்தியும் மலைப்பாக இருக்கிறதா? இந்த வருஷம் வேலி, இரண்டு முருங்கை, ஒரு கீரைப் பாத்தி, ஒரு கத்தரிப் பாத்தி மட்டும் போடுங்கள். கயிறு மட்டும் 3 சென்ட்டுக்கும் இப்போதே பிடித்து, மரத்துக்கு வடக்கு என்று இடம் குறித்துவிடுங்கள். பாத்தியை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம். வளர்ந்த மரத்தைத்தான் இடம் மாற்ற முடியாது.